பொம்மை கதை சொல்லும் கதை: முதன்முதலாக எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகளுக்காகப் பொம்மைக் கதை எழுத முற்படுவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். நள்ளிரவு, வீட்டார் அனைவரும் உறங்குகிறார்கள், அலமாரியில் இருக்கும் பொம்மைகள் கண்விழித்துப் பேசத் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்று புலப்படாமல் மூன்றாவது பத்தியிலேயே கதை நின்றுவிடுகிறது. பேசத் தொடங்கியவுடனேயே அவை பொம்மைத்தனத்தை இழந்து, சின்ன உருவம் கொண்ட மனிதர்களாகிவிடுவதே இதற்குக் காரணம். மரத்தால் ஆன பொம்மைக்கும் மண்ணால் ஆன பொம்மைக்கும் கதையில் எந்த வேறுபாடும் இல்லையென்றால், அங்கே பொம்மைகள் எதற்கு?

ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, பொம்மைகளையும் கதை சொல்லலையும் பற்றிய ஒரு சொந்தக் கதையை உருவாக்க விரும்பும் புதியவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஒரே ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு, அதன் உடலிலிருந்து ஒரு கதை எவ்வாறு முளைக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறேன். அந்தப் பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டி.

முதற்படி: பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நினைவிலிருந்து எழுதாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரு பொம்மையை எடுங்கள், அல்லது கடைக்குச் சென்று ஒன்றை வாங்குங்கள். தலையாட்டி, தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டிய கடைகளிலும், தமிழ்நாடு அரசின் கைவினைப்பொருள் கடைகளான பூம்புகார் விற்பனை நிலையங்களிலும் கிடைக்கும். அதை மேசைமேல் வைத்து ஒரு விரலால் சாய்த்துவிடுங்கள். இப்படியும் அப்படியும் ஆடி, ஆட்டம் குறைந்து, மறுபடியும் நிமிர்ந்து நிற்கும். அதன் அடிப்பாகம் பாதிப் பந்துபோல் வளைந்து, களிமண்ணால் கனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. மேற்பாகம் காகிதக்கூழ் போன்ற இலேசான பொருளால் ஆனது. எடை முழுவதும் அடியிலேயே தங்கிவிடுவதால், எந்தப் பக்கம் தள்ளினாலும் அது நிமிர்ந்தே தீரும். 2008–09-இல் புவிசார் குறியீடு பெற்ற பொம்மை இது. தஞ்சாவூரில் இன்னொரு வகையும் உண்டு: தலை, உடல், பாவாடை ஆகியவை தனித்தனிப் பாகங்களாகச் செய்யப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பி முனையில் தாங்கி நின்று, காற்றடித்தாலே கழுத்தையும் இடுப்பையும் அசைக்கும் நாட்டியப் பொம்மை. ஒரே ஊரில் பிறந்தவையாயினும், கதைக்குள் இவ்விரண்டும் வெவ்வேறு குணமுடையவை. ஒன்றை மற்றொன்றுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இது எதனால் ஆனது? இது என்ன செய்யும்? இதனால் எதைச் செய்யவே முடியாது? முதல் இரண்டுக்கும் எளிதில் விடை கிடைத்துவிடும். மூன்றாவது கேள்வியில்தான் கதை ஒளிந்திருக்கிறது. ஆகவே அதற்கு ஒரு வரியோடு நின்றுவிடாமல், ஒரு பக்கமாவது எழுதிப் பாருங்கள்.

தலையாட்டியால் படுக்க முடியாது. படுக்க முடியாத ஒருவன் எப்படித் தூங்குவான்? ஊரே உறங்கும்போது அவன் என்ன செய்துகொண்டிருப்பான்? இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டவுடனேயே ஒரு குழந்தை நிமிர்ந்து உட்காரும்.

மற்றப் பொம்மைகளையும் இதே முறையில் விசாரித்துப் பார்க்கலாம். செம்மரத்தில் செதுக்கப்படும் மரப்பாச்சிக்குக் கைகள் உடலோடு ஒட்டியிருக்கும், மூட்டுகள் கிடையா. எனவே அவளால் உட்காரவோ, யாரையும் கட்டியணைக்கவோ முடியாது. அவள் எப்போதும் இணையுடன்தான் வருவாள் என்பதால், இணை தொலைந்துபோன மரப்பாச்சி என்றாலே ஒரு கதை தயாராக இருக்கிறது. இரண்டு பாதி அச்சுகளில் எடுத்து ஒட்டிச் சூளையில் சுட்ட மண்பொம்மைக்கு உள்ளே ஒன்றுமில்லை; அதற்குத் தெரிந்த ஒரே அச்சம் கீழே விழுவது. பனையோலைக் கிலுகிலுப்பையால் இரகசியம் காக்க முடியாது, அசைந்தால் ஒலித்துவிடும். பம்பரத்தால் சுற்றாமல் நிற்க முடியாது. போதாக்குறைக்கு, மற்றப் பம்பரங்களின் ஆணி குத்திய ஆக்கர் வடுக்கள் அதன் உடம்பெங்கும் இருக்கும், ஒவ்வொரு வடுவுக்கும் ஒரு சண்டைக்கதை இருக்கும். அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளில் எத்தனை முறை சமைத்தாலும் ஒரு பருக்கை வேகாது.

பொம்மையிடம் இல்லாததைக் கவனிக்கும் பார்வை நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் விளையாடிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டும்போது, அது குதிரை இல்லாமல் உருட்டப்படுகிறது என்பதைச் சொல்ல மறப்பதில்லை. தேருக்குக் குதிரை இல்லாத குறையைப் பிள்ளையின் கை நிரப்புகிறது.

வெளிநாட்டில் இருக்கிறீர்கள், தலையாட்டியும் மரப்பாச்சியும் கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். ஒரு சக்கரம் கழன்ற நெகிழிக் காரும் இதே மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லும்.

இரண்டாம் படி: அது எங்கே வாழ்கிறது என்று முடிவு செய்யுங்கள்

"ஒரு வீட்டில் பல பொம்மைகள் இருந்தன" என்பது இடமாகாது. பொம்மைகளின் ஆண்டு எப்படிக் கழிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கதைக்கு நவராத்திரிக் கொலுவை எடுத்துக்கொள்வோம். புரட்டாசி வந்தால் சென்னை மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் ஓரத்தில் பொம்மைக் கடைகள் முளைக்கின்றன. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டி, வெள்ளைத் துணி விரித்து, பொம்மைகளை அடுக்குகிறார்கள். ஒன்பது இரவுகள் விளக்கும் பாட்டும் சுண்டலுமாகக் கழிகின்றன. விஜயதசமி இரவில் ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை முடிக்கிறார்கள். பிறகு பொம்மைகள் ஒவ்வொன்றாகச் செய்தித்தாளிலோ பழந்துணியிலோ சுற்றப்பட்டு, டிரங்குப் பெட்டிக்குள் இறங்கி, பரணுக்கு ஏறிவிடுகின்றன.

ஆக, இந்தப் பொம்மைகள் ஆண்டில் பத்து நாட்கள் மட்டுமே வெளிச்சத்தைப் பார்க்கின்றன. மீதி நாட்கள் முழுவதும் இருட்டுப் பெட்டியில்தான். பெரும்பாலோர் கொலுப்படியில் நடக்கும் கதையையே எழுதுகிறார்கள். அங்கே வண்ணமும் விளக்கும் இருப்பதால் அது இயல்புதான். ஆனால் கதை சொல்லுதல் என்பது இருட்டில், வேறு வேலை இல்லாத நேரத்தில், தூக்கம் வராதவர்களுக்கிடையே பிறக்கும் தொழில் ஆதலால், நம் கதைக்கு ஏற்ற களம் பெட்டிதான்.

பெட்டிக்குள் இன்னொரு செல்வமும் இருக்கிறது. ஒவ்வொரு பொம்மையும் எந்தத் தாளில் சுற்றப்பட்டிருக்கிறதோ, அந்தத் தாளில் உள்ளதுதான் அதற்குத் தெரிந்த உலகம். பலசரக்குக் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையைச் சந்தை நிலவரப் பக்கத்தில் சுற்றியிருந்தால், ஆண்டு முழுவதும் அவர் போன புரட்டாசிக் கத்தரிக்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். மரப்பாச்சி அக்காவுக்கு நகைக்கடை விளம்பரம் கிடைத்திருக்கும். வானிலைப் பக்கம் கிடைத்த பொம்மை, பெட்டிக்குள் இன்று மழை வருமா என்று தினமும் அறிவித்துக்கொண்டிருக்கும். குறுக்கெழுத்துப் புதிர் கிடைத்த பொம்மை பாவம், அதன் விடைகள் மறுநாள் தாளில்தான் வரும். இவ்வளவு வேடிக்கையும் செய்தித்தாளில் சுற்றுவது என்ற உண்மையான வழக்கத்திலிருந்தே கிடைத்தது. மந்திரக்கோல் எதுவும் தேவைப்படவில்லை.

நம் தலையாட்டியை மட்டும் தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றிவிடுவோம். வேட்டியில் ஓர் எழுத்துகூட இல்லை. எனவே அவனிடம் சொல்வதற்குக் கதையும் இல்லை.

மூன்றாம் படி: விதிகளை வகுத்துக்கொள்ளுங்கள்

மாயக்கதையில் எதுவும் நடக்கலாம் என்று நினைப்பது பெரியவர்களின் தவறான எண்ணம். விதியை மீறினால் முதலில் கண்டுபிடிப்பது குழந்தைதான். "நேத்து பேச முடியாதுன்னு சொன்னீங்களே" என்று கேட்கும். ஆகவே எழுதத் தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று விதிகளைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைகள் எப்போது பேசும்? அவற்றால் நகர முடியுமா? மனிதர்கள் காதில் அது விழுமா? இவை மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். அதற்கு மேல் விதிகள் கூடினால் கதை சட்டப் புத்தகமாகிவிடும்.

நம் விதிகள் இவை: மனிதர்கள் அருகில் இல்லாதபோது மட்டுமே பொம்மைகள் பேசும், சுற்றிய தாளையோ துணியையோ விட்டு வெளியே வர முடியாது, மனிதர்களுக்கு எதுவும் கேட்காது. இரண்டாவது விதி என்ன செய்கிறது என்று பாருங்கள். கொலுப்படியில் தலையாட்டி எதற்கும் ஆடிக்கொண்டே இருப்பதால், யார் என்ன சொன்னாலும் அவன் ஆர்வமாகக் கேட்பதுபோல் தோன்றும்; எனவே எல்லாப் பொம்மைகளுக்கும் அவனைப் பிடிக்கும். பெட்டிக்குள் வேட்டியில் இறுகிக்கிடக்கும்போது அவனால் ஆட முடியாது. அவன் கேட்கிறானா, இல்லையா என்பதே மற்றவர்களுக்குத் தெரியாமல் போகிறது. ஆகவே அவனிடம் பேசுவதை ஒவ்வொருவராக நிறுத்திவிடுகிறார்கள். விதி ஒன்றை நேர்மையாகப் பின்பற்றினால் சிக்கல் தானாகவே வந்து சேருகிறது என்பதற்கு இது ஒரு சான்று. சிக்கலைத் தேடி ஒரு சூனியக்காரியைக் கதைக்குள் கொண்டுவர வேண்டிய தேவை ஏற்படுவதில்லை.

நான்காம் படி: பொம்மை ஏன் கதை சொல்கிறது?

கதைக்குள் கதை வைக்க விரும்புவோர் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. பதுமைகள் கதை சொல்லும் பழைய மரபு நம்மிடம் இருக்கிறது. விக்கிரமாதித்தன் கதையில், போஜராஜன் சிம்மாசனத்தில் ஏற முயலும்போதெல்லாம் அதிலுள்ள 32 பதுமைகளில் ஒன்று குறுக்கிட்டு, விக்கிரமாதித்தனின் செயல் ஒன்றைச் சொல்லி, அத்தகைய தகுதி உனக்கு உண்டா என்று கேட்கிறது. அந்தப் பதுமைகள் பொழுதுபோக்குக்காகப் பேசவில்லை. ஒருவனைத் தடுப்பதற்காகப் பேசுகின்றன. வெளிக்கதையில் ஒன்று நடக்க வேண்டும், அல்லது நடக்காமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே உட்கதை சொல்லப்படுகிறது. இந்த இழுவிசை இருப்பதால்தான் அடுத்த பதுமை என்ன சொல்லும் என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த அமைப்பிலிருந்து இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு வயதுக் குழந்தையால் ஒரே நேரத்தில் ஒரு வெளிக்கதையையும் ஓர் உட்கதையையும் பிடித்துக்கொள்ள முடியும். இரண்டாவது உட்கதை தொடங்கியவுடன் அதன் கண்கள் வேறெங்கோ போய்விடும்.

நம் தலையாட்டிக்குக் காரணம் இப்படி அமைகிறது. அந்த ஆண்டு கடையிலிருந்து புதிதாக வந்த மண் யானைக்குட்டி ஒன்று முதன்முறையாகப் பெட்டிக்குள் வருகிறது. நடுஇரவில் அது அழுகிறது. எல்லோரும் உறங்குகிறார்கள், படுக்க முடியாத காரணத்தால் விழித்திருப்பவன் தலையாட்டி ஒருவன்தான். எழுத்தே இல்லாத வேட்டியில் சுற்றப்பட்ட அவனிடம் குட்டி ஒரு கதை கேட்கிறது. அவன் சொல்லியாக வேண்டும். அவனுடைய குறையே அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

ஐந்தாம் படி: நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

ஏழெட்டு வரிகள் போதும். கொலுவில் எல்லோரும் தலையாட்டியிடம் பேசுகிறார்கள். பெட்டிக்குள் அவன் ஆட முடியாமல் போகிறான், பேச்சு நின்றுபோகிறது. ஆடுவதற்குப் பதிலாக "உம்" கொட்டக் கற்றுக்கொள்கிறான். செட்டியார் தாத்தா முதலானோர் மகிழ்ந்து மறுபடியும் தங்கள் கதைகளைச் சொல்கிறார்கள். யானைக்குட்டி அழுகிறது. தலையாட்டி முதன்முறையாக ஒரு கதை சொல்கிறான். அடுத்த நவராத்திரிக்குப் பெட்டி திறக்கிறது.

இந்த வரிசையில் ஒரே மாதிரியான நிகழ்ச்சி மூன்று முறை வருவதைக் கவனியுங்கள்: செட்டியார், மரப்பாச்சி, வானிலைக்காரர் என்று மூவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து கதை சொல்ல, ஒவ்வொருவருக்கும் தலையாட்டி "உம்" என்கிறான். தன் பெயரை மறந்த ஈ, கன்றிடமும் தாய்ப்பசுவிடமும் இடையனிடமும் போய்ப் போய்க் கேட்கும் நாட்டார் கதையைச் சலிக்காமல் குழந்தைகள் கேட்பது, அடுத்து வருவது தமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் இன்பத்துக்காகத்தான். மூன்றாவது முறை நீங்கள் வாயைத் திறப்பதற்குள் குழந்தையே "உம்" என்று சொல்லிவிட வேண்டும். நான்காவது முறை வழக்கத்துக்கு மாறான ஒன்று நடக்க வேண்டும். அந்த இடத்தில்தான் யானைக்குட்டி "உம் மட்டும் சொல்லாதீங்க" என்கிறது.

ஆறாம் படி: மொழி

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

முதலில், பொம்மையை "அது" என்பதா, "அவன்" என்பதா? தமிழில் படர்க்கை வினைமுற்றுகளில் பெரும்பாலும் திணை வெளிப்பட்டுவிடும் என்பதால், இந்த முடிவை ஒத்திப்போட முடியாது. ஒரு பத்தியில் "பொம்மை சிரித்தது" என்றும் அடுத்த பத்தியில் "சிரித்தான்" என்றும் எழுதினால் கதை ஆட்டம் காணும். முழுவதும் ஒன்றையே பின்பற்றுவது பாதுகாப்பான வழி. அதைவிட அழகான வழி ஒன்றும் உண்டு: மனிதர்கள் உடன் இருக்கும் காட்சிகளில் அஃறிணையிலும், பெட்டி மூடியபின் உயர்திணையிலும் எழுதுவது. "பாட்டி தலையாட்டியை எடுத்து வேட்டியில் சுற்றினாள். அது ஆடாமல் நின்றது. பெட்டி மூடியது. அவன் கண்ணைத் திறந்தான்." எந்த விளக்கமும் இல்லாமல், பொம்மை உயிர்பெற்ற கணம் வினைமுற்றிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இவ்வசதி வினைச்சொல்லில் இல்லை. நமக்கு இருக்கும்போது பயன்படுத்திக்கொள்ளலாமே.

அடுத்தது உரையாடல். கதையை நடத்திச் செல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழிலும், பாத்திரங்களின் பேச்சு வீட்டுப் பேச்சுத் தமிழிலும் இருப்பதே நன்று. பொம்மைகள் ஒன்றையொன்று முறைவைத்து அழைக்கட்டும். வயதானது தாத்தா, நின்றுகொண்டே இருப்பது அண்ணன், செம்மரத்தாள் அக்கா. பொம்மைகளின் வயதை அவை வீட்டுக்கு வந்த ஆண்டை வைத்துக் கணக்கிட்டால், உருவில் மிகச் சிறிய பொம்மையும் எல்லோருக்கும் பாட்டியாகிவிடும். குழந்தைகளுக்கு இது பெரிய வேடிக்கை.

ஒலிக்குறிப்புகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் பொருளுக்கு ஏற்ற ஒலியாக இருக்கட்டும். டிரங்குப் பெட்டியின் கொக்கி "லொடக்" என்று விழும். செய்தித்தாள் "சரசர" என்னும். வேட்டி எந்த ஒலியும் எழுப்பாது.

இப்போது யானைக்குட்டி அழும் காட்சியை எழுதிப் பார்ப்போம். தலையாட்டிக்குச் சாய்ந்தாடி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுப் பரணில் ஒரே ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் படுத்திருந்தார்கள். ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"யாராவது முழிச்சிருக்கீங்களா?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

செட்டியார் தாத்தா விழிக்கவில்லை. மரப்பாச்சி அக்கா விழிக்கவில்லை. வானிலை மாமா தூக்கத்தில், "லேசான தூறல்" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடியும் குறட்டை விட்டார்.

"உம்," என்றான் சாய்ந்தாடி.

"யாரு அது?"

"நான்தான். சாய்ந்தாடி அண்ணன்."

"அண்ணே, இங்க ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?"

"உம்."

"எப்ப விடியும்?"

சாய்ந்தாடிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பெட்டியில் விடிவதற்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

"உம்," என்றான்.

"அண்ணே, உம் மட்டும் சொல்லாதீங்க. ஒரு கதை சொல்லுங்க."

"எனக்குக் கதை தெரியாதுடா குட்டி. என்னைச் சுத்தின துணியில ஒரு எழுத்துகூட இல்ல."

"அப்ப என்னதான் இருக்கு அதுல?"

இதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. சாய்ந்தாடி வேட்டியை முகர்ந்து பார்த்தான்.

"இந்தப் பக்கம் விபூதி வாசனை அடிக்குது. அந்த மூலையில... காபி வாசனை."

"காபியை யாரு கொட்டினா?"

"அதுவா," என்றான் சாய்ந்தாடி.

இந்தக் காட்சியில் பெரிய நிகழ்ச்சி ஏதும் இல்லை. இருட்டில் எதையும் பார்க்க முடியாது என்பதால் வாசனை மட்டுமே உதவுகிறது. வாசனையிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. கேள்வியிலிருந்து கதை தொடங்குகிறது. "பயப்படாதே", "தைரியமாக இரு" என்ற அறிவுரைகளை யானைக்குட்டியிடம் யாரும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அழுகிற குழந்தைக்கு அவை ஒருபோதும் உதவியதில்லை.

ஏழாம் படி: முடிவு

வேட்டியின் கதை சொல்லி முடிந்ததும் யானைக்குட்டி உறங்கிவிடுகிறது. மறுநாள் அது எல்லோரிடமும் சொல்ல, பெட்டியே தலையாட்டியிடம் கதை கேட்கத் திரண்டுவிடுகிறது. இந்த இடத்திலேயே பலர் கதையை முடித்து, "ஒவ்வொருவரிடமும் ஒரு திறமை உண்டு" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். அந்த வரியை எழுதுவதற்குக் கை துடிக்கும்போது, அதற்குப் பதிலாக இன்னொரு நிகழ்ச்சியை எழுதுங்கள். நவராத்திரி வருகிறது, பெட்டி திறக்கிறது, பாட்டி வேட்டியைத் துவைத்துப் போட்டுவிடுகிறாள். விபூதியும் இல்லை, காபியும் இல்லை. இனி சாய்ந்தாடி என்ன செய்வான் என்று குழந்தை பதறும். கொலு முடிந்து பொம்மைகளைக் கட்டும் நாளில் வேட்டி கிடைக்காமல், வீட்டுச் சிறுமியின் சிறிதாகிப்போன பாவாடை ஒன்றில் அவனைச் சுற்றுகிறார்கள். அதில் ஒரு மாம்பழக் கறை இருக்கிறது.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டியதில்லை. வாய்மொழியாகச் சொல்லும்போது, "கதை முடிஞ்சது, கத்தரிக்கா காய்ச்சது" என்று வழக்கம்போல் முடித்துக்கொள்ளலாம். கத்தரிக்காய் என்றதும் செட்டியார் தாத்தா விலை சொல்லத் தொடங்கிவிட்டால் இன்னும் நன்று.

எட்டாம் படி: எழுதுவதற்கு முன் சொல்லிப் பாருங்கள்

இதுவரை நீங்கள் எழுதியிருக்க வேண்டியது ஒரு தாள் குறிப்பும் ஒரு காட்சியும் மட்டுமே. முழுக்கதையையும் எழுதி முடித்துவிட்டுக் குழந்தைக்குப் படித்துக் காட்டினால், எழுதிய வாக்கியங்கள்மேல் உங்களுக்கு ஏற்பட்டுவிட்ட பற்று எதையும் மாற்றவிடாது. எனவே குறிப்பை வைத்துக்கொண்டு, இரவில் படுக்கைவேளையில், ஒரு குழந்தைக்கோ இருவருக்கோ வாயால் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

நம் வீடுகளில் கதை கேட்பவர் "உம்" கொட்ட வேண்டும் என்பது வழக்கம். அந்த "உம்" உங்களுக்குக் கிடைக்கும் மிக நேர்மையான திறனாய்வு. வேகமாக வந்தால் கதை ஓடுகிறது. தாமதமாக வந்தால் நீங்கள் எதையோ நீட்டுகிறீர்கள். அறவே நின்றுவிட்டால், ஒன்று குழந்தை உறங்கிவிட்டது, அல்லது அடுத்து என்ன நடக்குமோ என்று மூச்சைப் பிடித்திருக்கிறது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தலையாட்டிக் கதையில் இன்னொரு வசதியும் உண்டு. கதாநாயகனும் "உம்" கொட்டுகிறான், கேட்கும் குழந்தையும் "உம்" கொட்டுகிறது. இருவரும் ஒரே வேலையைச் செய்வதால், கதைக்குள் நுழையக் குழந்தைக்குத் தனி வழி தேவைப்படுவதில்லை.

"காபியை யாரு கொட்டினா?" என்ற இடத்தில் நிறுத்தி, அந்தக் கேள்வியைக் குழந்தையிடமே கேளுங்கள். பூனை என்று சொல்லலாம், தாத்தாவேதான் என்று சொல்லலாம், தன் தம்பியை மாட்டிவிடலாம். அந்த விடையையே எடுத்துக்கொண்டு உட்கதையை அங்கேயே கட்டிச் சொல்லுங்கள். மறுநாள் வேறு குழந்தையிடம் வேறு விடை கிடைக்கும். எந்த விடைக்குக் கேள்விகள் அதிகம் எழுந்தனவோ, அதை எழுத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: எழுதிப் படத்துக்கு ஆயத்தப்படுத்துதல்

ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே எழுதினால், பேசும்போது தானாக வந்த நிறுத்தங்களும் திரும்பச் சொன்ன சொற்களும் தாளில் வந்துசேரும். இந்த வயதினருக்கு 600 முதல் 900 சொற்கள் வரை போதும். ஒருவர் உரக்கப் படித்துக்காட்ட ஏழெட்டு நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். "ஆகவே", "எனினும்", "அதன் காரணமாக" போன்ற இணைப்புகள் நுழைந்திருந்தால் நீக்கிவிட்டு, வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். இக்கட்டுரையின் நடை பெரியவர்களுக்கானது, அதைக் கதையில் பின்பற்ற வேண்டாம்.

படக்கதை நூலாக்க எண்ணினால், பெருந்தாளை மடித்து அச்சிடும் வசதிக்காகப் பக்கங்கள் 16, 24 என்று எட்டின் மடங்கில் அமைவதே வழக்கம் என்பதை நினைவில் கொண்டு, தலைப்புப் பக்கம் போக எஞ்சிய பக்கங்களுக்குக் காட்சிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திருப்புவதற்குச் சற்றுமுன் கேள்வியும், திருப்பியபின் விடையும் வருமாறு பிரித்தால் படிக்கும் கை தானாக வேகம் பெறும். "காபியை யாரு கொட்டினா?" என்பது வலப்பக்கத்தின் கடைசி வரியாக இருக்கட்டும்.

ஓவியருக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். எந்தப் பொம்மை எந்தத் தாளில் சுற்றப்பட்டிருக்கிறது, தலையாட்டியின் அடிப்பாகம் எப்படி வளைந்திருக்கும், மரப்பாச்சியின் கைகள் ஏன் உடலைவிட்டு விலகக்கூடாது ஆகியவை அதில் இருக்க வேண்டும். முடிந்தால் பொம்மையையே கொடுத்துவிடுங்கள், நாலாபுறமும் திருப்பிப் பார்த்து வரையட்டும். பெட்டிக்குள் இருட்டு என்பதால் பக்கம் முழுவதையும் கறுப்பாக்கிவிட வேண்டாம் என்றும், கொக்கித் துளை வழியாக வரும் வெளிச்சத்தில் தாளின் எழுத்துகளும் பொம்மைகளின் முகமும் தெரிந்தால் போதும் என்றும் சொல்லுங்கள். படத்தில் தெரியப்போகும் நிறத்தையும் உடையையும் வருணிக்கும் வரிகளை உங்கள் பிரதியிலிருந்து அடித்துவிடலாம். வாசனையையும் ஒலியையும் குறிக்கும் வரிகளை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள். அவற்றை ஓவியரால் வரைய இயலாது.